கரண்ட் வந்ததும் டேட்டாபேஸே செய்யட்டும்: எஸ்க்யூஎல் சர்வரில் ஸ்டார்ட்அப் ப்ரொசீஜர் அமைக்கும் முறை

பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஆறு பில்லிங் கவுண்டர், மாடியில் ஒரு சர்வர், அதில் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின், காசில்லாமல் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பு. ஐப்பசி மழை கொட்டும் ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு, பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகிறது. கவுண்டர்கள் அந்த நொடியே அணைந்துவிடுகின்றன. சர்வர் மட்டும் யூபிஎஸ்ஸில் கால் மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அதுவும் படுத்துவிடுகிறது. விடியற்காலையில் கரண்ட் வர, சர்வர் தானாக எழுந்துகொள்கிறது. ஆனால் காலையில் கடை திறந்து அந்த பில்லைத் தொட்டால், ‘இந்த பில் 3-ஆம் கவுண்டரில் திறந்திருக்கிறது’ என்று திரை மல்லுக்கு நிற்கிறது. 3-ஆம் கவுண்டர் கம்ப்யூட்டரை இன்னும் யாரும் ஆன்கூடச் செய்யவில்லை.

காரணம் எளிது. எஸ்க்யூஎல் சர்வர் எழும்போது, கமிட் ஆகாத, அதாவது முடிந்ததாக உறுதி செய்யப்படாத, வேலைகளைத் தானே திரும்ப எடுத்துவிடும். ஆனால் ‘பில் திறந்திருக்கிறது’ என்ற குறி, பில்லிங் மென்பொருள் தன் வசதிக்காக ஒரு டேபிளில் எழுதி, அப்போதே கமிட் செய்த சாதாரண டேட்டா. சர்வரைப் பொறுத்தவரை அதுவும் சரக்கு விலை மாதிரி ஒரு தகவல்தான். பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கும். அதை நீக்கத் தோதான தருணம் ஒன்றே ஒன்று: சர்வர் எழுந்த கையோடு. பழைய இணைப்பு ஒன்றுகூட உயிரோடு இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடிய நேரம் அது மட்டும்தான்.

டேட்டாபேஸுக்குள் பெயர் வைத்துச் சேமித்த நிரலுக்கு ப்ரொசீஜர் என்று பெயர். அதை அந்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் வசதிதான் ஸ்டார்ட்அப் ப்ரொசீஜர். விலை கொடுத்து வாங்கும் பதிப்புகளில் இதே வேலையை ஏஜென்ட் என்னும் துணைச் சேவையிடமும் கொடுக்கலாம். எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஏஜென்ட் கிடையாது. அதனால் சின்னக் கடைகளுக்கும் அம்பத்தூர் எஸ்டேட் மாதிரியான இடங்களில் உள்ள பட்டறைகளுக்கும் மென்பொருள் போட்டுக் கொடுப்பவர்கள் கட்டாயம் கற்க வேண்டிய வேலை இது.

கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தொடங்கும் முன்

எஸ்க்யூஎல் சர்வருக்குக் கட்டளை கொடுக்க உதவும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ வேண்டும். சிஸ்அட்மின் என்னும் முழு நிர்வாக உரிமையுள்ள லாகின் வேண்டும். அந்த உரிமையைத் தராத கிளவுட் சேவைகளில் இந்த வழி உதவாது. சொந்த மெஷினிலோ, நீங்களே சர்வரை நிறுவிய வாடகை மெஷினிலோ செய்யலாம்.

மெஷினே தானாக எழாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பயாஸ் அமைப்பில், கரண்ட் திரும்பியதும் மெஷின் தானாக ஆன் ஆகும் தேர்வைப் போடுங்கள். விண்டோஸ் சர்வீஸ் பட்டியலில் எஸ்க்யூஎல் சர்வரின் தொடக்க வகை ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது ஆட்டோ க்ளோஸ். எக்ஸ்பிரஸ் பதிப்பில் உருவாக்கும் டேட்டாபேஸ்களில் இது வழக்கமாக ஆன் நிலையில் இருக்கும். யாரும் உபயோகிக்காத நேரத்தில் டேட்டாபேஸை மூடி வைத்துவிட்டு, யாராவது தொட்டால் திறக்கும். பில்லிங் டேட்டாபேஸின் ப்ராப்பர்ட்டீஸில் ஆப்ஷன்ஸ் பக்கம் போய் இதை ஆஃப் செய்துவிடுங்கள். ஏன் என்பது இரண்டாம் படியில் தெரியும்.

முதல் படி: வேலை செய்யும் ப்ரொசீஜர், பில்லிங் டேட்டாபேஸுக்குள்

ஸ்டார்ட்அப் ப்ரொசீஜர், சர்வர் தன் சொந்தத் தகவல்களை வைத்திருக்கும் மாஸ்டர் டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக எல்லா நிரலையும் மாஸ்டரில் கொட்டிவிடாதீர்கள். உண்மையான வேலையைச் செய்யும் ப்ரொசீஜர் பில்லிங் டேட்டாபேஸில் இருக்கட்டும். அதைக் கூப்பிடும் சின்ன உறை மட்டும் மாஸ்டரில் போதும். இரண்டாகப் பிரிப்பது சும்மா அழகுக்காக அல்ல. மூன்றாம் படியில் அதன் பலன் தெரியும்.

உள் ப்ரொசீஜருக்கு ‘க்ளியர்_பில்_லாக்’ என்று பெயர் வைப்போம். சர்வர் எழுந்த நேரத்தை இது ஒரே ஒரு அளவுருவாக (கூப்பிடும்போது கொடுக்கும் மதிப்பாக), டேட்டைம் வகையில், வாங்கிக்கொள்ளும். உள்ளே முதலிரண்டு வரிகள் செட் நோகவுண்ட் ஆன் (‘இத்தனை வரி’ என்ற செய்தியை அடக்க), செட் எக்ஸ்ஆக்ட்_அபார்ட் ஆன் (ஓடும்போது பிழை வந்தால் வேலையைத் திரும்ப எடுக்க). பிறகு ஒரே ஒரு அப்டேட்: பில் தலைப்பு டேபிளில், ‘திறந்த கவுண்டர்’ காலியாக இல்லாமலும் ‘திறந்த நேரம்’ சர்வர் எழுந்த நேரத்துக்கு முந்தியும் உள்ள வரிகளில், அந்த இரண்டு காலத்தையும் (டேபிளின் நெடுவரிசையையும்) ‘நல்’, அதாவது மதிப்பே இல்லாத நிலை, ஆக்கு. எத்தனை வரி மாறியது என்பதை அட்அட்ரோகவுண்ட்டிலிருந்து எடுத்து, ‘ஸ்டார்ட்அப்_லாக்’ என்று தனியே ஒரு டேபிள் வைத்து, நேரத்தோடு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நேர நிபந்தனை எதற்கு, மொத்தமாக அழித்துவிட்டால் என்ன என்று தோன்றும். புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஸ்டார்ட்அப் ப்ரொசீஜர் ஓடி முடியும்வரை சர்வர் யாரையும் வாசலில் நிறுத்தி வைக்காது. பகலில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், ஆறு கவுண்டரும் சில நொடியில் மறுபடி உள்ளே வந்து புது பில்லைத் திறந்திருக்கும். மொத்தமாக அழித்தால் அந்தப் புதுக் குறிகளும் போய், ஒரே பில்லை இரண்டு பேர் திருத்த வழி பிறந்துவிடும். நேரத்தை ஒப்பிட்டால் சர்வர் எழுவதற்கு முன் போட்ட குறிகள் மட்டும்தான் போகும்.

இந்த ஒப்பீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. சர்வர் எழுந்த நேரம் மெஷினின் உள்ளூர் நேரத்தில் கிடைக்கும். உங்கள் மென்பொருள் ‘திறந்த நேரத்தை’, உள்ளூர் நேரம் தரும் கெட்டேட் கொண்டு எழுதினால் பிரச்சினை இல்லை. உலகப் பொது நேரம் தரும் கெட்யூடிசிடேட் கொண்டு எழுதினால், குறிகள் எல்லாம் இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்னால் காட்டும். காலை 10 மணிக்கு ரீஸ்டார்ட், 10.01-க்கு ஒருவர் பில்லைத் திறக்கிறார் என்றால், டேபிளில் 4.31 என்று பதிவாகும். அது 10-க்கு முந்தியது என்று நம் நிரல் அழித்துவிடும். முதலில் டேபிளைத் திறந்து, கடைசியாகப் போட்ட பில்லின் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள். அரை நிமிட வேலை.

இரண்டாம் படி: மாஸ்டரில் உறை

இதன் பெயர் ‘ஸ்டார்ட்அப்_மெயின்’. டேட்டாபேஸ் உரிமையாளரின் பிரிவான டிபிஓ ஸ்கீமாவில், எந்த அளவுருவும் இல்லாமல் உருவாக்குங்கள். சிஸ் டாட் டிஎம்_ஓஎஸ்_சிஸ்_இன்ஃபோ என்ற வியூவில் ‘எஸ்க்யூஎல்சர்வர்_ஸ்டார்ட்_டைம்’ என்று ஒரு காலம் உண்டு. அதிலிருந்து எழுந்த நேரத்தை ஒரு வேரியபிளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பில்லிங் டேட்டாபேஸ் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். டேட்டாபேஸ்ப்ராப்பர்ட்டிஎக்ஸ் என்ற ஃபங்ஷனிடம் ‘ஸ்டேட்டஸ்’ கேட்டால் ஆன்லைன் என்று சொல்லும். ஆனால் ஆன்லைன் என்று வந்தாலே இணைப்பை ஏற்கத் தயார் என்று பொருள் அல்ல. அதே ஃபங்ஷனிடம் ‘கொலேஷன்’ (எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையின் பெயர்) கேளுங்கள். ‘நல்’ இல்லாமல் ஒரு பெயர் வந்தால்தான் டேட்டாபேஸ் நிஜமாகத் திறந்திருக்கிறது. ஆகவே ஒரு வைல் லூப்: கொலேஷன் ‘நல்’ என்று வருகிறவரை, வெயிட்ஃபார் டிலே போட்டு 5 நொடி தூங்கு, 60 முறைக்கு மேல் வேண்டாம். மொத்தம் 5 நிமிடம். அதற்குள் திறக்காவிட்டால் சர்வரின் எரர் லாகில் எழுதிவிட்டு வெளியேறு.

ஆட்டோ க்ளோஸ் ஆன் நிலையில் இருந்தால் என்ன ஆகும் என்று இப்போது பாருங்கள். டேட்டாபேஸ் நன்றாகத்தான் இருக்கும்; ஆனால் யாரும் தொடாததால் மூடிக் கிடக்கும். கொலேஷன் ‘நல்’ என்றே வரும். நம் லூப் 5 நிமிடமும் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

அந்த 5 நொடித் தூக்கத்தை ‘சின்ன லூப்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். தூக்கம் இல்லாத லூப், நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஒரு சிபியு கோரை முழுவதுமாகத் தின்னும். எக்ஸ்பிரஸ் அதிகபட்சம் 4 கோர்தான் உபயோகிக்கும். அதில் ஒன்றைத் தாரைவார்த்தால் கவுண்டர்காரர்கள் உடனே போன் செய்வார்கள்.

மூன்றாம் படி: பிழை பிடிப்பது

உள் ப்ரொசீஜரைக் கூப்பிடும் வரியை பிகின் ட்ரை, எண்ட் ட்ரை இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். அதை அடுத்து வரும் கேட்ச் பகுதிதான் பிழையைப் பிடிக்கும். டேபிளின் பெயரை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிழையை, அது நிகழும் ப்ரொசீஜருக்குள்ளேயே இருக்கும் கேட்ச் பிடிக்காது. கூப்பிட்ட மேல் ப்ரொசீஜரின் கேட்ச்தான் பிடிக்கும். நிரலை இரண்டாகப் பிரித்ததன் பலன் இது. எல்லாவற்றையும் ஒரே ப்ரொசீஜரில் எழுதி, அதற்குள்ளேயே ட்ரை கேட்ச் போட்டு, ‘போட்டும் பிடிக்கவில்லையே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

கேட்சில் ரெய்ஸ்எரர் கட்டளையை வித் லாக் சேர்த்துக் கொடுங்கள். சர்வரின் எரர் லாகிலும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரிலும் செய்தி பதிவாகும். எரர்_மெசேஜ் தரும் வாசகத்தை நேராக ரெய்ஸ்எரரின் முதல் இடத்தில் போடாமல், ‘சதவீதக் குறி, எஸ்’ என்ற அச்சைப் போட்டு, வாசகத்தை அதற்குப் பின்னால் கொடுங்கள். பிழை வாசகத்திலேயே சதவீதக் குறி இருந்தால், ரெய்ஸ்எரர் அதை அச்சு என்று எண்ணிக் குழம்பும்.

ஸ்டார்ட்அப்பில் ஓடும்போது எதிரில் திரை இல்லை, ஆளும் இல்லை. செலக்ட் போட்டு முடிவைக் காட்டினால் பார்க்க யாரும் கிடையாது. எதையும் டேபிளிலோ லாகிலோ எழுதினால்தான் உண்டு.

நான்காம் படி: கையால் ஓட்டிப் பார்த்து, குறி போடுவது

கடை மூடிய பிறகு, ஒரு பில்லில் கையால் பூட்டுக் குறி போடுங்கள். உள் ப்ரொசீஜரை இப்போதைய நேரம் கொடுத்து ஓட்டுங்கள்; குறி போக வேண்டும். மறுபடி குறி போட்டு, நேற்றைய நேரம் கொடுத்து ஓட்டுங்கள். குறி போகக் கூடாது. இரண்டும் சரியாக வந்தால் உறையை ஒருமுறை ஓட்டுங்கள்.

அதன் பிறகுதான் குறி. மாஸ்டர் டேட்டாபேஸில் நின்றுகொண்டு எஸ்பி_ப்ராக்ஆப்ஷன் என்ற கட்டளைக்கு மூன்று மதிப்பு கொடுக்க வேண்டும்:

எக்ஸெக் எஸ்பி_ப்ராக்ஆப்ஷன் ‘ஸ்டார்ட்அப்_மெயின்’, ‘ஸ்டார்ட்அப்’, ‘ஆன்’

பிழை எண் 15398 வந்தால், ப்ரொசீஜர் மாஸ்டரில் இல்லை அல்லது டிபிஓவுக்குச் சொந்தமில்லை. 15399 வந்தால், ப்ரொசீஜருக்கு அளவுரு இருக்கிறது. அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான்.

முதல் ப்ரொசீஜருக்குக் குறி போடும்போது, ‘ஸ்கேன் ஃபார் ஸ்டார்ட்அப் ப்ராக்ஸ்’ என்ற சர்வர் அமைப்பும் தானாக 1 ஆகிவிடும். அதைத் தனியாகத் தொட வேண்டியதில்லை. சரிபார்க்க, மாஸ்டரில் சிஸ் டாட் ப்ரொசீஜர்ஸ் வியூவைத் திறந்து ‘இஸ்_ஆட்டோ_எக்ஸிக்யூட்டட்’ 1 என்று உள்ள வரிகளைப் பாருங்கள். நம்முடையது மட்டும் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ரீஸ்டார்ட்

கான்ஃபிகரேஷன் மேனேஜரில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, எரர் லாகைத் திறங்கள். ‘லான்ச்டு ஸ்டார்ட்அப் ப்ரொசீஜர்’ என்ற சொற்களோடு நம் ப்ரொசீஜர் பெயர் வந்திருக்க வேண்டும். அந்த வரி ‘ஓடத் தொடங்கியது’ என்று மட்டும்தான் சொல்கிறது; வெற்றியா தோல்வியா என்பது ஸ்டார்ட்அப்_லாக் டேபிளில்தான் தெரியும்.

டேபிள் எதற்கு, எரர் லாக் போதாதா என்றால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் எரர் லாக் புதிதாகத் தொடங்கும். பழையவற்றில் ஆறைத்தான் சர்வர் வழக்கமாக வைத்திருக்கும். மழை ராத்திரியில் கரண்ட் ஏழெட்டு முறை போய்ப் போய் வந்தால், முதல் விழுதலின் தடயம் காலைக்குள் காணாமல் போய்விடும்.

வழக்கமாக எங்கே இடறும்

குறி காணாமல் போவது முதல் ரகம். ப்ரொசீஜரை ஆல்டர் கொண்டு திருத்தினால் ஸ்டார்ட்அப் குறி அப்படியே இருக்கும். ட்ராப் செய்துவிட்டு மறுபடி க்ரியேட் செய்தால் குறி போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அடுத்த கரண்ட் கட் வரை யாருக்கும் தெரியாது. ஆகவே க்ரியேட் ஸ்கிரிப்டின் கடைசி வரியாகவே எஸ்பி_ப்ராக்ஆப்ஷனை எழுதி வையுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் விசித்திரமானது. பழைய மெஷினில், கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைக்கும் சிமாஸ் பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குத் தாவிவிடும். நெட் வந்து நேரம் திருந்துவதற்குள் எஸ்க்யூஎல் சர்வர் எழுந்திருக்கும். எழுந்த நேரம் பல வருடம் பின்னால் என்றால், அதற்கு முந்திய பூட்டு எதுவும் இருக்காது. நிரல் சமர்த்தாக ஓடி, லாகில் ‘0 வரி’ என்று எழுதும். பில் மட்டும் பூட்டியபடியே இருக்கும். உறையில் ஒரு சோதனை சேருங்கள்: ஸ்டார்ட்அப்_லாகின் கடைசி வரியில் உள்ள நேரத்தைவிட இப்போது எழுந்த நேரம் பின்தங்கியிருந்தால், எச்சரிக்கை எழுது. மருந்து என்னவோ ரிச்சி தெருவில் கிடைக்கும் ஒரு சிஆர்2032 பேட்டரிதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டார்ட்அப் ப்ரொசீஜர் வைத்தால் எது முந்தி ஓடும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும், சர்வர் வேலை செய்ய வைத்திருக்கும் வொர்க்கர் த்ரெட்களில் தனித்தனியே ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். வரிசை முக்கியம் என்றால், ஒரே உறைக்குள் வரிசையாகக் கூப்பிடுங்கள்.

ஸ்டார்ட்அப் ப்ரொசீஜர் சிஸ்அட்மின் உரிமையோடு ஓடும்; அதனால் அதை எதற்கு வேண்டுமானாலும் உபயோகிக்கலாம் என்ற ஆசை வரும். எக்ஸ்பி_சிஎம்டிஷெல் மூலம் வெளி ப்ரோகிராம்களைக் கிளப்புவது வேண்டவே வேண்டாம். அதற்கு விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. சர்வருக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தவர்கள், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் திரும்பி வரத் தங்கள் நிரலை ஒளித்துவைக்கும் இடங்களில் ஸ்டார்ட்அப் ப்ரொசீஜரும் ஒன்று. நான்காம் படியில் பார்த்த பட்டியலை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாள் இதற்குத் தோது; எப்படியும் அன்று சர்வரை இறக்கி ஏற்றத்தான் போகிறீர்கள்.

நிரல் கெட்டு சர்வரையே திணறடித்தால், சர்வீஸின் தொடக்க அளவுருக்களில் ட்ரேஸ் ஃப்ளாக் (சர்வரின் நடத்தையை மாற்றும் எண்) 4022-ஐச் சேர்த்துக் கிளப்புங்கள்: கழித்தல் குறி, பெரிய எழுத்து டி (‘ட்ரேஸ்’ என்பதன் முதல் எழுத்து), 4022, இடைவெளி இல்லாமல். ஸ்டார்ட்அப் ப்ரொசீஜர்களைத் தாண்டிவிட்டு சர்வர் எழும். உள்ளே போய் எஸ்பி_ப்ராக்ஆப்ஷனில் ‘ஆஃப்’ கொடுத்துவிட்டு, அந்த அளவுருவை மறக்காமல் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் பிறகு எந்த ஸ்டார்ட்அப் ப்ரொசீஜரும் ஓடாது. ஏன் என்று தேடியே ஒரு நாள் போய்விடும்.

இது தீர்க்காத ஒன்று

கவுண்டர்களில் மட்டும் கரண்ட் போய், சர்வர் யூபிஎஸ்ஸில் நின்றுவிட்டால் ரீஸ்டார்ட்டே நடக்காது. நம் நிரலும் ஓடாது. பூட்டுகள் அப்படியே கிடக்கும். பில்லிங் மென்பொருளைத் திருத்தும் உரிமை உங்களிடம் இருந்தால், டேபிளில் குறி எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு பூட்டை சர்வரிடமே கேட்டு வாங்கும் எஸ்பி_கெட்ஆப்லாக் கட்டளையை, செஷனை (கவுண்டருக்கும் சர்வருக்கும் உள்ள இணைப்பை) உரிமையாளராகக் கொடுத்து உபயோகியுங்கள். அந்தச் செஷனை சர்வர் முடித்ததும் பூட்டு தானாக விழும். வாங்கிய மென்பொருள், சோர்ஸ் கையில் இல்லை என்றால் ஸ்டார்ட்அப் ப்ரொசீஜரோடு, கவுண்டர்களுக்கும் யூபிஎஸ் போடச் சொல்லிக் கடைக்காரரிடம் பேசிப் பார்க்க வேண்டியதுதான்.

மற்ற டேட்டாபேஸ்களில்

ஆரக்கிளில் ஆஃப்டர் ஸ்டார்ட்அப் ஆன் டேட்டாபேஸ் என்ற ட்ரிக்கர் இதே வேலையைச் செய்யும். அதில் பிழை வந்தாலும் டேட்டாபேஸ் திறந்துவிடும். பிழை அலர்ட் லாகில் போய் உட்காரும். மைஎஸ்க்யூஎல்லில் இனிட்_ஃபைல் என்ற அமைப்பில் ஒரு எஸ்க்யூஎல் கோப்பைக் காட்டலாம்; மைஎஸ்க்யூஎல் சேவை ஓடும் யூசருக்கு அந்தக் கோப்பைப் படிக்கும் அனுமதி வேண்டும். பழைய பதிப்புகளில் ஒவ்வொரு கட்டளையும் ஒரே வரியில் இருந்தாக வேண்டும். போஸ்ட்கிரஸில் ஸ்டார்ட்அப் ட்ரிக்கர் என்று ஒன்று இல்லை. பிஜி_க்ரான் நீட்சியில் ‘அட் ரீபூட்’ என்று வேலை போடலாம். அதற்கு ஷேர்டு_ப்ரீலோடு_லைப்ரரீஸ் அமைப்பில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும். எழுத்து பிசகினால் சர்வரே எழாது. டாக்கரில் இந்த டேட்டாபேஸ்களை ஓட்டுபவர்கள் இனிட்டிபி ஃபோல்டரில் போடும் ஸ்கிரிப்டுகளை ஸ்டார்ட்அப் நிரல் என்று எண்ணிவிடுகிறார்கள். டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் முறை மட்டும்தான் அவை ஓடும்.

புது மெஷினுக்கு மாறும்போது

பில்லிங் டேட்டாபேஸின் பேக்கப்பில் உள் ப்ரொசீஜர் கூடவே வரும். உறையும் குறியும் மாஸ்டரில் இருப்பதால் வராது. ஆகவே உறையின் ஸ்கிரிப்டை, குறி போடும் வரியோடு சேர்த்து, பேக்கப் வைக்கும் அதே பென்டிரைவில் போட்டு வையுங்கள். புது சர்வரில் ரீஸ்டோர் முடிந்ததும், ஆட்டோ க்ளோஸ் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த ஸ்கிரிப்டை ஓட்டி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, ஸ்டார்ட்அப்_லாகில் புது வரி விழுந்த பிறகு கடையை ஒப்படையுங்கள்.